முன்சீட்டில் ஓர் அரிசி மூட்டை

"வண்டி குதிக்குது பாய்!"

காரை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார் பரமசிவம். பட்டறைக்குள் குனிந்து நின்ற அப்துல் கையூம் நிமிர்ந்து பார்த்தான்.

சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவரிடம் பரமசிவம் வாங்கியது. கிளட்ச் கிடையாது. நடுவிலிருக்கும் கம்பியை ஒருமுறை 'டி'யில் போட்டுவிட்டால் போதும், கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். சிராங்கூன் ரோட்டு அரிசி வியாபாரிகளில் இடது காலுக்கு ஓய்வு கொடுத்த முதல் ஆள் தான்தான் என்று பரமசிவத்துக்குப் பெருமை.

கையூமின் கவலைக்குக் காரணம் கார் அல்ல, பலகை. ரோவெல் ரோட்டில் பட்டறை திறந்தபோது, பெயர்ப்பலகை எழுதியவர், "கீழே இடம் மிச்சமிருக்கே" என்றார். வெறுமனே விடுவானேன் என்று, 'ஆட்டோமேட்டிக் கியர் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதச் சொன்னான் கையூம். அப்படி ஒரு கியரை அவன் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க வேண்டிவரும் என்றும் நினைக்கவில்லை. கடைசியில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியவர் பட்டறைக் கட்டடத்தின் சொந்தக்காரர்.

"ஞாயித்துக்கிழமை பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர்ல மச்சான் மக கல்யாணம். சொந்தக்காரன் எல்லாம் வாயப் பொளக்கிற மாதிரி இந்த வண்டியிலதான் போய் இறங்கணும். முடியலன்னா இப்பவே சொல்லிடு, பலகையக் கழட்டிடலாம். பலகையோட பட்டறையையும்தான். டயர் கடைக்காரன் இந்த இடத்தக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அதெல்லாம் வேணாம் முதலாளி. வண்டி என்ன பண்ணுது?"

"நல்லாப் போய்க்கிட்டே இருக்கும். திடீர்னு உறுமும். அப்புறம் யாரோ பின்னாலேருந்து சட்டையப் பிடிச்சு இழுத்த மாதிரி ஒரு குலுக்கல். அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும்."

கையூம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். பரமசிவம் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கின் கழுத்தை நெரித்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு இடிக்காத குறையாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் புக்கித் தீமா வரை ஓட்டினார். வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதுபோல வண்டி கியர் மாறியது.

"உன்னக் கண்டதும் அடங்கிடுச்சு பாய். உன் மேல மரியாதை இருக்கு."

மறுநாள் காலை அந்த மரியாதை போய்விட்டிருந்தது. "கோயிலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடுச்சுய்யா!"

கையூம் கியர் எண்ணெயை மாற்றினான். குதிப்பு அப்படியே இருந்தது. கூடவே எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. அடியில் ஒரு கேபிள் தொளதொளவென்று தெரிந்தது. அதை இறுக்கினான். குதிப்பும் இருந்தது, ஒழுகலும் இருந்தது, இப்போது கிளம்பும்போதெல்லாம் வண்டி அழுதது. பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் போதும் என்று கேபிளைத் தளர்த்தினான். அழுகை நின்றது. ரிவர்ஸும் நின்றது.

ஜொகூருக்கு முன்பக்கமாகத்தானே போக வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி உம்மு சல்மா தட்டையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"தெரியலன்னு சொல்லிட்டு வாங்களேன்."

"பலகையில ஸ்பெஷலிஸ்ட்னு இருக்குடி."

"பலகையிலதான இருக்கு? உங்க மூஞ்சியப் பார்த்தா யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க, தைரியமாச் சொல்லுங்க."

சனிக்கிழமை பரமசிவம் வந்தபோது கையூம் ஒரு முடிவோடு இருந்தான்.

"முதலாளி, குதிச்சப்ப வண்டியில கூட யாரு இருந்தா?"

"ரத்தினம்தான். என் பொஞ்சாதி."

"கோயிலுக்குப் போனப்ப?"

"அப்பவும் அவதான்."

"தனியா ஓட்டினீங்கன்னா?"

பரமசிவம் யோசித்தார். "குதிக்கல."

கையூம் காலியாக இருந்த முன்சீட்டைப் பார்த்தான்.

"பாரக் கோளாறு முதலாளி!" என்றான் கையூம். அப்படி ஒரு கோளாறு உலகத்தில் உண்டா என்று அவனுக்குத் தெரியாது. "நான் ஒல்லி, அதனால வண்டிக்கு உறைக்கல. அக்கா வந்து..." என்று இழுத்தான். "என்ன கனம் இருப்பாங்க?"

பரமசிவம் தெருவின் இரண்டு கோடியையும் பார்த்துவிட்டு அவன் காதருகே வந்தார். "முக்கால் மூட்டை. சியாம் அரிசின்னு வச்சுக்க. வெளியில மூச்சு விடாத."

கடையிலிருந்து முக்கால் மூட்டை வந்தது. அதை முன்சீட்டில் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் கயிற்றால் கட்டினான் கையூம். பரமசிவம் காத்தோங் வரை போய்த் திரும்பினார். குதிப்பு இல்லை, குலுக்கல் இல்லை. மூட்டை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கையூம் தலையைச் சொறிந்தான். பாரமும் இல்லையென்றால் வேறென்ன?

அந்த நேரம் பார்த்துப் பட்டறை வாசலில் குடையோடு வந்து நின்றார் ரத்தினம்மா.

"என் சீட்டுல யாரு?"

"பாய்தான் வச்சாரு," என்றார் பரமசிவம். மறு நிமிடம் எதிர்க் காப்பிக்கடையில் இருந்தார். நீண்ட குடும்ப வாழ்க்கை தந்த வேகம் அது. அந்தக் காருக்குக்கூடக் கிடையாது.

கையூம் குடைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மூட்டைய வச்சா நல்லா ஓடுது. உங்கள வச்சாத்தான் வண்டிக்கு என்னமோ ஆயிடுது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க பஸ்ல ஜொகூர் போயிட்டீங்கன்னா என் பட்டறை பிழைச்சிடும். பிள்ளைகுட்டிக்காரன் அக்கா."

ரத்தினம்மா கோபப்படவில்லை. காப்பிக்கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"நான் பஸ்ல போனா வண்டி எப்படித் தம்பி ஜொகூர் போய்ச் சேரும்?" குரல் தணிந்தது. "எங்கப்பா லோரி ஓட்டினவரு, சத்தத்த வச்சே எனக்குத் தெரியும். இந்தக் கார வாங்கின நாள்லேருந்து அந்த மனுசன் ஒரு தடவகூட கியர் மாத்தினதில்ல, மறந்தே போயிட்டாரு... நாலு பேருக்கு முன்னால அவர் மானம் போயிடக் கூடாதேன்னு, நடுவுல இருக்கிற கம்பிய முந்தானையால மூடிக்கிட்டு நாந்தான தம்பி மாத்திக்கிட்டு வர்றேன்!"