பொறுப்பு மாஸ்டர் ஓடிய சுற்றுகள்

பிறர் பாவத்துக்குச் சிலுவை சுமந்தவர் ஒருவர். பிறர் பிழைக்கு மைதானத்தைச் சுற்றி ஓடியவர் இன்னொருவர். முதலாமவரை நான் கோயிலில் கும்பிட்டிருக்கிறேன். இரண்டாமவருக்குப் பதினொரு வருடம் சோறு போட்டிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணக் கடற்கரைக் குருநகர்க்காரி. வலிகாமத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து ஆண்பிள்ளைகள் விடுதியில் சமையல் என் கையில் இருந்தது. இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான். ஆனால் எண்பது பேருக்கு வைத்த குழம்பில் ஒரு நாளும் உப்புக் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. குசினி யன்னலைத் திறந்தால் மைதானம். அங்கேதான் பொறுப்பு மாஸ்டர் ஓடினார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உதைபந்து பழக்க வந்த முதல் நாளே அதிபர் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தாராம். விளையாட்டுப் பிள்ளைகளின் உணவு, உடை, ஒழுக்கம், செபம், காயம், களம் எல்லாவற்றுக்கும் பயிற்றுநரே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. வேறொரு மாஸ்டர் என்றால் அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருப்பார். இவர் செபமாலை போலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளை பிழை செய்தால் பொறுப்பு யாருடையது? பயிற்றுநருடையது. அப்படியென்றால் தண்டனை யாருக்கு? மாஸ்டர் விசிலை எடுத்துத் தனக்குத் தானே ஊதிவிட்டு ஓடத் தொடங்குவார்.

கெட்ட வார்த்தைக்கு ஒரு சுற்று. மாங்காய் களவெடுத்தால் மூன்று. பந்தியில் ஒருவனுக்கு மட்டும் ஒரு பொரியல் கூடுதலாக விழுந்தால், அதுவும் அநியாயம்தானே, அரைச் சுற்று. செபத்தின்போது ஒருவன் கண் திறந்தால் ஒரு சுற்று. அதைக் கண்டதற்காக, அதாவது தானும் கண் திறந்ததற்காக, இன்னொரு சுற்று.

பெடியள் சும்மா விடுவார்களா?

“சேர், நான் நேற்றுப் பொய் சொன்னனான்.”

“எத்தினை, தம்பி?”

“நாலு, சேர்.”

மாஸ்டர் நாலு சுற்று ஓடிவந்து மூச்சு வாங்குவார். அவன் தலையைச் சொறிவான். “சேர், நாலு எண்டதும் பொய். ரண்டுதான்.”

மாஸ்டர் விரல் மடித்து எண்ணினார். “ரண்டும் இதுவும் மூண்டு. ஒண்டு கூட ஓடிப்போட்டன். அது கையிருப்பிலை கிடக்கட்டும்.”

இப்படியே அணிக்காரர் பதினொரு பேரும் வேப்பமர நிழலில் இருந்து சுற்றுகளை எண்ணினார்கள். மாஸ்டர் மெலிந்துகொண்டே போனார், அவர்கள் கொழுத்துக்கொண்டே வந்தார்கள். பயிற்றுநர் மட்டும் பயிற்சி எடுத்த பள்ளிக்கூடம் இந்தத் தீவிலேயே எங்களுடையதுதான்.

ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வி. அந்த நேரம் பார்த்து நாட்டில் அரிசியும் மாவும் தட்டுப்பட்டு, பாணுக்கு வரிசையில் நிற்கிற காலமும் வந்தது. வெறுங்காணியில் எல்லாம் பயிர் வையுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அதிபர் மைதானத்தைப் பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

“மாஸ்டர், சனிக்கிழமையும் தோத்தியள் எண்டா நான் உதிலை மரவள்ளி நடுவன். தோக்கிறதுக்கு ஏன் இவ்வளவு பெரிய காணி?”

மாஸ்டர் குசினிக்கு வந்து, தேங்காய் துருவுகிற திருவலையில் குந்திவிட்டார்.

“அக்கா, களமும் என்ரை பொறுப்பெண்டு தாளிலை கிடக்கு. அது போனா நான் எங்கை ஓடுறது?”

“நீங்கள் ஏன் ஓடவேணும்? உவங்களை ஓட விடுங்கோவன்!”

“பிழை உவங்களிலை இல்லை, அக்கா.”

இந்த மனிசனோடு கதைத்துப் பயனில்லை. ஆட்டத்தை நானே வெல்வதென்று முடிவெடுத்தேன்.

வெளியூர் அணிக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பது பள்ளிக்கூடத்து வழக்கம். சனிக்கிழமை விடியவே என் தம்பி நண்டும் றாலும் மீன் தலையும் கொண்டுவந்து தந்தான். பலாக்கொட்டை, பயிற்றங்காய் போட்டு, பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து விட்டு, செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்துப் பெரிய கிடாரத்தில் கூழ் காய்ச்சினேன். என் கூழைக் குடித்தவன் அன்றைக்கு வேறு வேலை பார்ப்பதில்லை.

காங்கேசன்துறைப் பக்கத்துப் பெடியள் மான்கள் மாதிரி வந்து இறங்கினார்கள். பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்து வார்த்துக் கொடுத்தேன்.

“அம்மா, காணும், வயிறு நிரம்பிட்டுது. பின்னேரம் விளையாட வேணும்.”

“என்ன கதை உது? குருநகர்க்காரி வார்க்கிற கூழை வேண்டாமெண்டுறதோ? பிடி மோனை!”

வீட்டுக்காரியின் மனம் நோகக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள். குடித்தார்கள். கோல் காக்கிறவன் மட்டும் ஏழு பிளா.

இடைவேளைக்குள் நாங்கள் இரண்டு கோல் அடித்துவிட்டோம். முதலாவது கோலின்போது அவர்களுடைய கோல்காரன் கம்பத்தில் சாய்ந்து ஏவ், ஏவ் என்று ஏவறை விட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது கோல் அவனுடைய காலடியால் மெல்ல உருண்டு போனது. அவனால் குனிய முடியவில்லை.

இடைவேளையில் அவர்கள் எல்லோரும் மல்லாந்து கிடந்தார்கள். மாஸ்டர் பதறி ஓடினார். “என்ன தம்பியவை, சுகமில்லையோ?”

“இல்லை, சேர். கூழ்.”

மாஸ்டர் குசினி வாசலில் வந்து நின்றார். “அக்கா, வேணுமெண்டோ செய்தனீங்கள்?”

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கும் இவர்தானே ஓடவேண்டும்? “ஓம்” என்றேன்.

“மிச்சம் இருக்கோ?”

பாவம், பசியாக்கும் என்று நினைத்தேன். “அரைக் கிடாரம் இருக்கு, குடியுங்கோ.”

அவர் கிடாரத்தை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் பெடியள் பதினொரு பேருக்கும் ஆளுக்கு ஐந்து பிளா வார்த்தார். “இப்ப சமன்” என்றார். மணம் பொறுக்காமல் நடுவரும் ஒரு பிளா வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிரேத ஊர்வலம் அதைவிட வேகமாகப் போகும். மத்தியானம் குடித்தவர்களுக்கு அதற்குள் செமித்துவிட்டது. மூன்று கோல் அடித்தார்கள். நாங்கள் தோற்றோம்.

அதிபர் கிடாரத்தைப் பார்த்தார். “ஆர் செய்த வேலை உது?” என்று என் பக்கம் திரும்பினார். நான் வாய் திறக்குமுன் மாஸ்டர் தாளை நீட்டினார்.

“உணவு பயிற்றுநரின்ரை பொறுப்பு, ஐயா. உங்கடை கையெழுத்துத்தான்.”

திங்கட்கிழமை காலை மண்வெட்டிக்காரர் வந்தபோது மாஸ்டர் ஓடிக்கொண்டிருந்தார். நான் யன்னலால் கத்தினேன். “இது ஆரின்ரை பிழைக்கு?”

“உங்கடை கூழுக்கு, அக்கா. பத்துச் சுற்று.”

“பத்தோ! மாங்காய்க்கே மூண்டுதானே?”

“கூழ் நல்லாயிருந்தது, அக்கா. அதாலைதான் கூட.”

ஆறாவது சுற்றில் அவருக்குக் கால் தடுக்கியது. நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். எனக்கு ஓடத் தெரியாது, நடந்தேன். அவரும் எனக்காக நடந்தார். வேப்பமரத்தடியில் அன்றைக்கு ஒருவரும் எண்ணவில்லை.

அதிபர் மரவள்ளியை நட்டார். ஆனால் விளிம்பைச் சுற்றி ஓர் ஆள் ஓடுகிற அளவுக்கு ஏனோ பாதை விடச் சொன்னார்.

அந்தக் கிழங்கை அவித்துப் பரிமாறியதும் நான்தான். மாஸ்டரின் தட்டில் மட்டும் எப்போதும் ஒரு துண்டு கூடுதலாக விழும். அவர் அதைக் கண்டார். அதற்கு மட்டும் அவர் ஒரு நாளும் ஓடவில்லை.