எண்ணூர்ச் சேற்றில் நான் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

காக்கிச் சட்டை மாட்டிக்கொண்ட முட்டாளை மிஞ்சிய முட்டாள் உலகத்தில் கிடையாது. யாரையோ பார்த்துச் சொல்லவில்லை. அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் நானே திரிந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் ஆரம்பம். வாரத்தில் ஆறு நாள் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத்து வேலை. ஏழாவது நாள் பகுதிநேரப் பட்டாளம். நாட்டுக்குச் சேவை செய்யச் சேர்ந்ததாக எங்கள் ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். (பூட்ஸுக்காகச் சேர்ந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.)

பட்டாளத்தில் எனக்குக் கொடுத்தது மார்ட்டர் கேரியர் ஓட்டும் வேலை. யுத்தத்தில் மிச்சப்பட்ட வண்டி அது. முன்னால் லாரிச் சக்கரம், பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல் சங்கிலிப் பட்டை. வயிற்றுக்குள் வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு தடித்த குழாய், அதுதான் மார்ட்டர். குண்டை அதன் வாயில் போட்டால் அடியில் போய் முட்டி, வந்த வழியே எகிறி, வெகு உயரம் போய், மேட்டுக்கு அந்தப் பக்கம் பதுங்கியிருப்பவன் தலையில் நேராக இறங்கும். மற்ற மார்ட்டர்களை ஆள் சுமந்து போய்த் தரையில் ஊன்றிச் சுட வேண்டும். எங்களுடையதை இறக்கவே வேண்டாம். வண்டிக்குள் இருந்தபடியே சுடலாம்.

வண்டியில் வைத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். குண்டு வருகிற வளைவைப் பார்த்து, அது எங்கிருந்து கிளம்பியது என்று எதிரி கண்டுபிடித்துவிடுவான். இரண்டு மூன்று நிமிஷத்தில் அவன் குண்டு நம் தலைமேல் விழும். அதற்குள் நாம் அங்கே இருக்கக் கூடாது. எங்கள் ஹவில்தார் தணிகாசலம் இதை எனக்கு வாராவாரம் ஓதுவார்.

“சுடுறது எங்க வேலை. ஓடுறது உன் வேலை. நீ குறி பாக்க வேணாம், யோசிக்கவும் வேணாம். கடைசிக் குண்டு போனதும் ஓடு. அவ்வளவுதான்.”

இதைவிடச் சுலபமான வேலையை எந்தப் பட்டாளமும் எந்த மனிதனுக்கும் கொடுத்திருக்காது. அதையும் என்னிடம் கொடுத்ததுதான் அவர்கள் செய்த தப்பு.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சுலோச்சனா. அவளுடைய அப்பா ஏகாம்பரம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டுகிறவர். தரகர் அவரிடம் போய், “மாப்பிள்ளைக்குப் பட்டாளத்துல கேரியர் வேலை” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“கேரியரா? யார் வூட்டு சோத்த தூக்கிகினு போறான்?” என்று கேட்டாராம் ஏகாம்பரம்.

மானம் போய்விட்டது எனக்கு. மறுநாளே பூட்ஸ் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குழாய், குண்டு, வளைவு, எதிரி எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். நான் ஒருவன் இல்லாவிட்டால் வங்காள விரிகுடா வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவான் என்கிற அளவுக்குப் பேசினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நைனா, நா இருவது வருசமா கப்பல்லேந்து ரயில் இஞ்சினே எறக்கி கீறேன். பேச்சு வாணாம். வண்டிய காட்டு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூர்க் கழிமுகத்தில் ஒத்திகைச் சண்டை இருந்தது. பொதுஜனம் சவுக்குத் தோப்பு மேட்டில் நின்று பார்க்கலாம் என்று அனுமதி. அவரை வரச் சொன்னேன். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். “கட்டிக்கப் போறவ நீ. நீயே வந்து பாரு” என்றாராம்.

காலை பத்து மணி. தோப்புக்குப் பின்னால் கெட்டித் தரையில் வண்டியை நிறுத்து, மூன்று புகைக்குண்டு சுட்டதும் வடக்கே ஓட்டிப் போ என்பது உத்தரவு. இலக்கு, கழிமுகத்துக்கு அக்கரையில் கிடந்த ஓர் உடைந்த படகு. எதிரிப் பட்டாளமும் அக்கரையில்தான்.

தோப்புக்குப் பின்னால் நிறுத்தினால் சுலோச்சனாவுக்கு என்ன தெரியும்? சவுக்கு மரம் தெரியும். ஆகவே, போர்க்கலை வரலாற்றில் யாருக்கும் தோன்றாத ஒரு யோசனை எனக்குத் தோன்றியது. மேட்டிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற மாதிரி, தண்ணீர் ஓரமாக வண்டியை இறக்கினேன்.

“எங்கடா போற?” என்று ஹவில்தார் பின்னாலிருந்து கத்தினார்.

“இங்கேருந்து குறி நல்லா இருக்கும் சார்.” (குறி பார்ப்பது என் வேலை இல்லை என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளவும்.)

தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்த அஞ்சலை என்கிற மீனவ அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “தம்பி, இங்க வண்டிய வுடாத. மேலதான் மணலு. கீய பூரா சேறு கீது.”

“யம்மா, இது சண்டை வண்டி. சேறு இத ஒண்ணும் பண்ணாது” என்றேன், மேட்டுக்குக் கேட்கிற குரலில்.

அவள் இறால் கூடையை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள், வேடிக்கை பார்க்க.

முதல் குண்டு போனது. மார்ட்டர் மேலே தள்ளுகிற அளவுக்குக் கீழேயும் உதைக்கும். வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. நான் கவனிக்கவில்லை, மேட்டைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது குண்டு. இன்னொரு சாண். மூன்றாவது குண்டு படகுக்குப் பக்கத்தில் அழகாக விழுந்து வெள்ளைப் புகை கிளம்பியது. மேட்டில் ஜனங்கள் கைதட்டினார்கள்.

“ஓடு!” என்றார் ஹவில்தார்.

மிதித்தேன். சங்கிலி சுற்றியது. வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். பின்னாலிருந்து கரிய சேறு பனை உயரம் எழும்பி ஹவில்தார் மேலேயும், குண்டு போடுகிற இரண்டு பேர் மேலேயும், மிச்சம் என் மேலேயும் விழுந்தது. முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. மூன்று குண்டையும் சுட்டு, நாங்களே எங்களை ஆணி மாதிரி சேற்றில் அறைந்து முடித்திருந்தோம்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. கையில் வெள்ளைப் பட்டி கட்டிய நடுவர், ஒரு காப்டன், ஜீப்பில் வந்து இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து நான்கு பேர் கழுத்திலும் மாட்டினார். அட்டையில் ‘டெட்’ என்று எழுதியிருந்தது.

“எதிரி குண்டு விழுந்துவிட்டது. நீங்கள் நாலு பேரும் காலி. ஒத்திகை முடிகிற விசில் வரும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. பேசவும் கூடாது. பேசினால் ஒழுங்கு நடவடிக்கை.”

ஹவில்தாருக்கு இருபது வருஷச் சர்வீஸ். அதுவரை ஒரு தடவைகூடச் சாகாதவர். என்னைத் திட்ட வாயைத் திறந்தார், காப்டன் விரலை நீட்டினார், மூடிக்கொண்டார். பிறகு ஒரு மணி நேரம் கண்ணாலேயே திட்டினார். அவ்வளவு கெட்ட வார்த்தைகளைக் கண்ணால் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அதற்குள் ஏகாம்பரம் மகளோடு மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“இன்னா நைனா, வண்டிய காட்டுனு சொன்னா, பாதிய சேத்துல வெச்சிகினு பாதிய காட்டுற?”

நான் பேசவில்லை.

“கொரலு எங்க போச்சி? எங்க வூட்டுல அன்னிக்கி அம்மாம் பேசுன?”

சுலோச்சனா என் கழுத்து அட்டையைப் பார்த்தாள். ஸ்கூலில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவள். “நைனா, அவரு செத்துட்டாராம்” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகையாக இருக்கும் என்று நான் நம்பினேன். (அவ்வளவு பெரிய முட்டாள்.)

அப்போது அஞ்சலை குரல் கொடுத்தாள். “ஐயா, ஓதம் ஏறுது. இன்னும் அர மணி நேரத்துல வண்டி முயுகிடும்.”

காப்டனுக்கு முகம் வெளுத்தது. ஒத்திகையில் நாலு பேரைக் கொல்வது சுலபம்; சர்க்கார் வண்டி ஒன்று முழுகினால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். ஜீப்பும் வழுக்க ஆரம்பித்தது.

“தள்ளு துரை” என்றார் ஏகாம்பரம். வேட்டியை மடித்துக் கட்டினார். அஞ்சலை வீட்டு ஆட்களிடம் கட்டுமரம் இழுக்கிற வடமும் இரண்டு கப்பியும் வாங்கினார். தோப்பில் தடித்த மரமாகப் பார்த்துக் கட்டினார். சவுக்குக் கட்டைகளைச் சங்கிலிக்கு முன்னால் அடுக்கச் சொன்னார். உதவலாமென்று நான் இறங்கக் காலை எடுத்தேன்.

“டெட் மேன்! உட்கார்!” என்றார் காப்டன்.

ஏகாம்பரம் அவரைத் திரும்பிப் பார்த்தார். “அப்போ பொணத்தோட சேத்து இயுக்கணுமா?”

“ரூல்ஸ்.”

“சரி. எல்லாம் புடிங்கப்பா. நாலு பொணம் எக்ஸ்ட்ரா வெயிட்டு.”

முப்பது பேர் வடத்தைப் பிடித்தார்கள். ஏகாம்பரம் கையைத் தூக்கி இறக்கினார், துறைமுகத்தில் வின்ச்சுக்கு ஜாடை காட்டுகிற மாதிரி. மூன்றாவது இழுப்பில் சேறு ஒரு பெரிய சத்தத்தோடு எங்களை விட்டது. கழுத்தில் அட்டையோடு நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தபடியே கரை ஏறினோம். மேட்டில் இருந்தவர்கள், மூன்றாவது குண்டுக்குத் தட்டியதைவிட அதிகமாகக் கைதட்டினார்கள்.

விசில் அடித்ததும் ஹவில்தார் உயிர்பெற்றார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அடுத்த நாலு ஞாயிறும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் சேற்றைச் சுரண்டினேன். அதற்குப் பிறகு அந்த வண்டிப் பக்கமே என்னை விடவில்லை.

சம்பந்தம் அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்துத் தரகர் சிரித்துக்கொண்டு வந்தார். பெண் வீட்டில் சம்மதமாம். ஏகாம்பரம் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். “வண்டி ஓட்டத் தெரியாத கம்னாட்டி” என்றாராம். சுலோச்சனாதான் சொன்னாளாம்: “ஒரு மணி நேரம் எவ்ளோ கேட்டும் எதுத்துப் பேசாம குந்திகினு இருந்தாரு நைனா. அந்த மாதிரி ஆளு எங்க கெடைக்கும்?”

கல்யாணம் ஆகி ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் எந்த வாக்குவாதத்திலும் நான் இதுவரை ஜெயித்ததில்லை. வாயைத் திறந்தால் “செத்தவங்க பேசக் கூடாது” என்பாள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

போன மாதம் பேரனுக்குப் பெண் பார்க்கத் தண்டையார்பேட்டைக்குப் போயிருந்தோம். மண்டபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தாத்தா என்கிற முறையில் நானும் ஒரு அபிப்பிராயம் சொன்னேன். பெண்ணின் அம்மா மரியாதையாக என் பக்கம் திரும்பினாள். சுலோச்சனா அவள் கையை மெதுவாகத் தொட்டாள்.

“அவரு பேச்ச எடுத்துக்காதம்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு.”