இரண்டு மில்லிலீற்றர் உமிழ்நீர்

படிவம் நிரப்பும்போது மட்டும் எனக்கு உண்மை எழுத வராது. இந்த வியாதிக்கு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

வவுனியாவில் பட்டப்படிப்பு படித்த காலம். எந்தக் குணமுள்ள இளைஞருக்குப் பதற்றத்தில் மனவழுத்த ஹோர்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று உமிழ்நீரை எடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வுக்கு ஆள் தேடினார்கள். உடனே பெயர் கொடுத்தேன். (ஹோர்மோனில் எனக்கு அக்கறை இல்லை. ஆய்வைச் செய்த தாரணியில்தான் அக்கறை.)

முதலில் குணத்தைப் பற்றிய கேள்விகள். 'சின்ன விடயத்துக்கும் பதறுவீர்களா?' ஒருபோதும் இல்லை. 'அந்நியர் முன் பேசத் தயங்குவீர்களா?' ஒருபோதும் இல்லை. எங்கள் ஊர் துணுக்காயில் அம்மா கோழிக்கூட்டைத் திறக்கச் சொன்னாலே வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவன், தாரணி வாசிப்பாள் என்பதற்காகக் குளத்தில் படுத்திருக்கும் எருமையின் அமைதியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பரிசோதனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட இருவர் சிரிப்பே இல்லாமல் இருந்தார்கள். (சிரிக்காமல் இருப்பதும் பரிசோதனையில் ஒரு பகுதியாம். எனக்கு யார் சொன்னது?)

"ஆயிரத்திலயிருந்து ஏழேழாக் கழிச்சுக்கொண்டு போங்கோ," என்றார் ஒருவர்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூண்டு... தொள்ளாயிரத்து எண்பத்தி... நாலு?"

"பிழை. முதலிலயிருந்து."

ஐந்தாம் தடவை நான் கழிக்கவில்லை. "சேர், நான் கலைப்பிரிவு," என்றேன்.

வெளியே தாரணி சின்னக் குழாயோடு நின்றாள். "இதுக்குள்ள துப்புங்கோ. ரெண்டு மில்லிலீற்றர் காணும்."

வாய் கோடை வயலாக வெடித்துக் கிடந்தது.

"தண்ணி குடிக்கலாமே?"

"ஏலாது, முடிவு பிழைச்சுப்போம். பதட்டமா இருக்கோ?"

"சீச்சீ, இல்லை."

"அப்ப தேசிக்காய் ஊறுகாயை நினைச்சுப் பாருங்கோ."

நினைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஊறுகாயும் காய்ந்துபோனது. கால் மணித்தியாலம் குனிந்து முக்கியதில் குழாய்க்குள் சொட்டென்று ஏதோ விழுந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது உங்கட நெத்தி வேர்வை," என்றாள். அதன்பிறகு சிரித்தாள்; சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆய்வறிக்கையில் எனக்கென்றே ஒரு வரி இருக்கிறது: 'மாதிரி வழங்க இயலாமையால் பங்குபற்றுநர் ஒருவர் நீக்கப்பட்டார்.' ஆய்வைக் குழப்பியதற்கு மன்னிப்புக் கேட்கப் போனவன், திரும்பத் திரும்பப் போய், அவளையே கல்யாணமும் செய்தேன்.

இப்போது மாங்குளத்தில் இருக்கிறோம். மாமி போன் எடுத்தால் இன்றைக்கும் மகளிடம் கேட்பது இதைத்தான்: "நீக்கின மருமகன் சாப்பிட்டிட்டாரோ, பிள்ளை?"