தரையிலிருந்து நான்கடி உயரத்தில் உங்கள் அக்கா

மாப்பிள்ளைக்கு,

உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்கட்டும். இங்கே நலம் என்று எழுத என் பேனா மறுக்கிறது.

முதலில் உறுதியான தகவல். நேற்று காலை 9.12 முதல் 9.41 வரை உங்கள் அக்கா எங்கள் படுக்கையறையில் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் தொங்கினார். நேரத்துக்கு ஆதாரம் சுவர்க் கடிகாரம். உயரத்துக்கு ஆதாரம் மாடிவீட்டுத் தையல்காரரின் அளவு நாடா.

இடுப்பெலும்பு முறிந்து ஏழு வாரமாகப் படுத்திருப்பவரைத் தினமும் ஒரு மணி நேரமாவது நாற்காலியில் உட்கார வையுங்கள், இல்லையென்றால் படுக்கையோடு போய்விடுவார் என்றார் டாக்டர். தூக்க எனக்குத் தெம்பில்லை. ஆலைகளுக்குப் பாரந்தூக்கிகள் விற்கிற நீங்கள், நோயாளிகளைத் தூக்கும் ஹைட்ராலிக் இயந்திரம் ஒன்றை அனுப்பினீர்கள். "அத்தான், சின்னக் குழந்தைகூட இயக்கலாம்" என்றீர்கள். நான் சின்னக் குழந்தை இல்லை. நாற்பத்தொரு ஆண்டு நிருபராக இருந்தவன். எனக்கு விவரம் வேண்டும்.

துணித் தொட்டிலை அக்காவுக்கு அடியில் விரித்து, நான்கு கொக்கிகளையும் மாட்டி, பிடியை அழுத்த அழுத்த, உருளைக்குள் எண்ணெய் ஏறி இயந்திரத்தின் கை உயர, அவரும் உயர்ந்தார். எத்தனை அழுத்து போதும் என்று யாரும் சொல்லாததால் இருபத்திரண்டு அழுத்தினேன், பிறகுதான் இறக்க வேண்டுமே என்ற நினைப்பு வந்தது, உருளையின் அடியில் ஒரு குமிழ், அதை இடப்பக்கம் திருகுவதா வலப்பக்கமா, தப்பாகத் திருகினால் தடாலென்று விழுந்து மறு இடுப்பும் போய்விடுமா, ஒரு எச்சரிக்கை உண்டா, ஒரு அம்புக்குறி உண்டா! ஆறு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. விற்கும்வரை வாய் ஓயாது, அக்கா அந்தரத்தில் ஆடும்போது மட்டும் காது கேட்காது, அப்படித்தானே?

"இடது பக்கம் திருகுங்க. தண்ணிக் குழாய் அப்படித்தானே திறக்குது?" என்றார் உங்கள் அக்கா.

"ஒரே ஆள் சொன்னதை வெச்சு நான் எதையும் செய்யறதில்ல. உனக்கே தெரியும்."

"தொங்குறதே நான்தான்! என்னைவிட வேற ஆதாரம் வேணுமா?"

"நீ சம்பந்தப்பட்ட தரப்பு. உன் வார்த்தை மட்டும் போதாது."

இதற்கு அவர் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. அந்தச் சத்தம் கேட்டுத் தையல்காரர் இறங்கி வந்தார். உயரத்தை அளக்கச் சொன்னேன், அளந்தார். "இடதுதான் அண்ணே" என்றார். இயந்திரங்களில் எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"பேட்டியா எடுக்கறீங்க? தம்பி, அவரை விடுங்க, நீங்க திருகுங்க!" என்று மேலிருந்து தையல்காரரிடம் கத்தினார் உங்கள் அக்கா.

அவர் திருகினார். அக்கா பூப்போல இறங்கினார்.

இந்த இயந்திரம் இனி என் வீட்டில் இருக்காது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சரக்கு வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கானது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

கோபம் தணியாத
அத்தான்

பி.கு.: திருத்தம். உறையை ஒட்டும் முன் உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்தார். எட்டு அழுத்து போதும் என்று நீங்கள் இரண்டு முறை சொன்னீர்களாம். அம்புக்குறி இயந்திரத்தின் கம்பத்திலேயே ஒட்டியிருக்கிறது. அதன்மேல் என் சட்டை தொங்குகிறது. நான் ஆறு முறை அழைத்தது உங்கள் பழைய எண்ணை. மேலும், "ஏழு வாரமா இந்தக் கூரையையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். மேல போனப்பதான் ஜன்னல் வழியா தெரு முழுக்கத் தெரிஞ்சுது. தினமும் இருபத்திரண்டு அழுத்தணும், எழுதுங்க" என்கிறார். எழுதிவிட்டேன். வண்டியை வேண்டாமென்று சொல்லக் கூடாதாம். அதில் ஏற வேண்டியது இயந்திரம் அல்ல, நான்தானாம். இதை உறுதிப்படுத்த இரண்டாவது ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. வியாழன் பதினொரு மணிக்குத் தெரியும்.