கருணாகரலா அங்கிளும் கடைசி நாயும்

நாயிடம் 'தயவுசெய்து' சொல்லி வேலை வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வெள்ளவத்தையில், என் தலைக்கு நேர் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். அது என் தலைவிதி.

'கருணாகரலா' என்றால் சிங்களத்தில் தயவுசெய்து. அரசாங்கக் கந்தோர் கவுண்டரில் இருந்து ஓய்வுபெற்ற அங்கிளுக்கு அந்தக் கவுண்டர்ச் சிங்களம் மட்டும்தான் தெரியும். மரியாதையாகக் கேட்கத் தெரியும், அதட்டத் தெரியாது. மனைவி காலமான பிறகு, காலி நகருக்குப் போகும் பெருவீதியில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து, காயம் ஆற்றி, நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திருந்தார். எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நுகேகொடை, மஹரகமைச் சிங்களக் குடும்பங்கள். போகிற இடத்தில் பாஷை தெரியாமல் முழிக்கக் கூடாதென்று நாய்களுக்குச் சிங்களம் படிப்பித்தார்.

"கருணாகரலா வாடிவென்ன!"

தயவுசெய்து உட்காருங்கள்! நாயும் உட்காரும்.

"அங்கிள், தமிழில ஒருக்கால் 'இரு' எண்டு சொன்னால் என்ன, குறைஞ்சா போயிடுவீங்கள்?"

"சேச்சே, கூடாது தம்பி. தமிழில கதைச்சனெண்டால் அது என்ர பிள்ளையாப் போயிடும். பிறகு எப்பிடிக் குடுக்கிறது?"

ஒருநாள் மஹரகமையிலிருந்து ஒரு நோனா, சிங்கள அம்மா, போனில் பொரிந்து தள்ளினார். கொண்டுபோன நாய் வெறும் 'வாடிவென்ன' என்றால் அசையாமல் அவர் முகத்தையே பார்க்கிறதாம், காது கேளாத நாயைத் தலையில் கட்டிவிட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நோனா கருணாகரலா சொன்னீங்களோ?" என்று அங்கிளும் சிங்களத்தில் பணிவாகக் கேட்டார்.

போனில் தூரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு 'கருணாகரலா' கேட்டது. நாய் உட்கார்ந்துவிட்டது. அந்த வீட்டில் மருமகனுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திராது.

நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் மேலே கூட்டு ஊளை. காயப்போட்ட சேர்ட்டில் நாய்மயிர். கடவுளே, இதற்கொரு முடிவு வராதா என்று நான் புலம்பாத நாளில்லை.

வந்தது. கனடாவிலிருந்த வீட்டுக்காரரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். "மாசம் முடிய முதல் நாயள் போகவேணும். இல்லாட்டி நீங்கள் போகவேணும்" என்று அவர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அங்கிள் ஓடித் திரிந்து எல்லாவற்றுக்கும் வீடு பிடித்தார், ஒன்றைத் தவிர. அது கிழட்டு நாய். ஒரு கண் வெள்ளை, இடுப்பு எலும்பு சரியில்லை. பார்க்க வந்தவர்கள் முன்னால் குளிப்பாட்டி, சீவி நிறுத்தி "கருணாகரலா வாடிவென்ன" என்பார். அது முனகி, முன்காலை மடக்கி, யோசித்து, ஒருவழியாக உட்கார்ந்து முடிக்கையில் அவர்கள் லிஃப்டில் இறங்கிப் போயிருப்பார்கள். நானே போட்டோ எடுத்துக் கந்தோர் முழுக்கக் காட்டினேன். "குட்டி இல்லையா?" என்றார்கள். எனக்கு வெறுத்துப்போயிற்று.

மாதக் கடைசியில் ஒருவர் வந்தார். நாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவாயில்ல, எடுக்கிறன். என்ர கடை ஸ்டோர்ஸ் வாசலில சங்கிலி போட்டுக் கட்டிவிட்டால் குரைக்கும்தானே?"

'ஓம் எண்டு சொல்லுங்கோ அங்கிள்' என்று நான் கண்ணால் கெஞ்சினேன். இந்த ஃப்ளாட்டை விட்டால் இந்த வயதில் மனிதர் எங்கே போவார்?

நாய் வழக்கம்போல் சிங்களத்துக்காகக் காத்திருந்தது. அங்கிள் குனிந்து அதன் தலையைத் தடவினார்.

"வா ராசா, உள்ள போவம்" என்றார்.

தமிழில்.

நாய்க்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் எழும்பி நொண்டிக்கொண்டு பின்னால் போயிற்று. எனக்கு விளங்கியது.

அடுத்த கிழமையே வத்தளையில், சின்ன முற்றம் வைத்த ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்கு இருவரும் போய்விட்டார்கள். இப்போது மேல்மாடியில் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. நடக்கிற சத்தம்கூடக் கேட்பதில்லை. ரயில் போகிறது, ஒருவரும் ஊளையிடுவதில்லை. என் சேர்ட் சுத்தமாக இருக்கிறது. தாங்க முடியவில்லை.

அங்கிள், இதை வாசித்தால் எனக்கும் ஒருக்கால் போன் எடுத்து "வா ராசா" என்று சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.