நோரா அம்மையாரின் மதிலும் மூன்று அடியும்

ஹரோ, லண்டன்,
செப்டெம்பர் 14

அன்புள்ள தம்பி ஞானேஸ்வரனுக்கு,

அண்ணன் இராஜேந்திரன் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். என் மானத்துக்கு மட்டும் காய்ச்சல். கிங்ஸ்பரியில் நீங்களும் சுகமாயிருக்க வெஸ்ட் ஈலிங் அம்மன் துணை.

நோராவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாவிட்டால் ஒக்டோபரில் அயர்லாந்தில் நடக்கும் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வரவேண்டாம் என்று மகள் தக்ஷிகா சொன்னதாகத் தொலைபேசியில் சொன்னாய். எழுத மாட்டேன். நடந்ததைக் கேட்டு நீயே தீர்ப்புச் சொல்.

ஜூனில் அவளுடைய மாமனார் டெர்மட்டின் அயர்லாந்து ஊருக்குப் போனோமல்லவா? டெரிலோகன். டவுன்லாண்ட் என்கிறார்கள், டவுன் ஏதுமில்லை, நம்முடைய குறிச்சி மாதிரி. சதுப்பு நிலம், கோரைப்புல், ஒன்பது வீடுகள். அதில் நாலு, பஞ்சகாலத்தில் ஆட்கள் விட்டுப்போனவை, உள்ளே மரம் வளர்ந்து நிற்கிறது. சம்பந்தி வீட்டுச் சுவரில் பழைய நில அளவை வரைபடம் ஒன்று தொங்கியது. நாற்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் கண் சும்மா இருக்குமா? கயிறு பிடித்து அளந்தேன். பக்கத்து நோரா அம்மையாரின் கல்மதில் சம்பந்தியின் நிலத்துக்குள் மூன்று அடி வந்திருக்கிறது! உதாரணத்துக்கு, நமது ஊரில் வேலி அடைக்கும்போது கதியால் தடி வருடத்துக்கு ஒரு விரற்கடை நகருமே, அதேதான். ஆனால் இது கல். ஞாயிறு பூசை முடிந்து ஊரே தேவாலய வாசலில் நின்றபோது படம் கீறி விளக்கினேன். எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். எண்பத்துநாலு வயது நோரா வானத்தைப் பார்த்து, மழை வரும்போல என்றார். சம்பந்தி என் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார். பின்சீட்டிலிருந்து உன் அண்ணி கலாவதி, "வந்த இடத்திலையும் வேலிச் சண்டையோ? அதுவும் எங்கடை வேலிகூட இல்லை!" என்றாள்.

"சண்டையில்லையப்பா, அளவு."

"அளந்தது காணும். வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

அளவு பிழையென்று யாராவது சொன்னார்களா? இல்லை. பிள்ளை சரியான விடை எழுதினால், வகுப்பு சங்கடப்படுகிறது என்று புள்ளியைக் குறைப்போமா? பேத்தியை நான் போட்டோவில் பார்த்துக்கொள்வேன். போட்டோவில் அவளுக்கு என் மூக்கு. இருந்தாலும் எழுத மாட்டேன். தக்ஷிகாவிடம் அப்படியே சொல்லு.

யோகமலருக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் நேரான வேலியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
வளையாத அண்ணன்
இராஜேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நோராவின் கடிதம் வந்தது. 1947 பெரும்பனியில் கிணற்றுக்குப் போக வழியின்றித் தவித்த அவருடைய தாய்க்கு, சம்பந்தியின் தகப்பன் அந்த மூன்று அடியைக் கொடுத்தாராம். எழுத்தில் இல்லை, ஊருக்கே தெரியுமாம், ஒருவரும் பேசுவதில்லையாம். அது கிடக்க, மேற்குப் பக்கத்துக்காரரின் மதிலில் அவருக்கு இருபது வருடமாகச் சந்தேகம். ஒக்டோபரில் வந்து அளந்து தருவேனா என்று கேட்டிருக்கிறார். உடனே பதில் எழுதிவிட்டேன். முதல் வரியில் மன்னிப்பு. மற்ற மூன்று பக்கமும் மேற்கு மதில். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கலாவதிக்கு முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.