சுசீலா கடையின் பூர்வீகம்

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்துகிறவளால் கோபப்பட முடியும், குமுற முடியும். வாயைத் திறக்க மட்டும் முடியாது. அந்தச் சனிக்கிழமை காலை சுசீலா அப்படித்தான் மாட்டிக்கொண்டாள்.

வெளியே, கடைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில், அஹமது கபீர் தன் கூட்டத்தை நிறுத்தியிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் லிட்டில் இந்தியாவின் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டுகிறார். இடுப்பில் ஒலிபெருக்கி, கையில் மஞ்சள் குடை. இந்தத் தெருவுக்கு அன்றுதான் முதல் வருகை.

"இப்ப நாம பார்க்கிற கடைவீடு இருக்கே, ஆதியில சவப்பெட்டிப் பட்டறை. மாடியில வரிசையா பெட்டி அடுக்கியிருக்கும். அப்புறம் அரிசிக் கிடங்கு, அப்புறம் வீடியோ கடை. இப்ப பாருங்க, பொம்பளைங்க வந்து புருவம் திருத்திக்கிறாங்க."

கூட்டம் சிரித்தது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த மணப்பெண் படத்தின் இடுக்கு வழியே சுசீலாவுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். ஒருவராவது கடைப்பக்கம் திரும்பவில்லை. சவப்பெட்டி என்றதும் பார்க்கவே பயந்துவிட்டார்கள், பாவிகள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு டிராவல் ஏஜென்சிக்காரர் காலி செய்த இடம் அது. அதற்கு முன் யார் இருந்தார்கள் என்று யார் கேட்டார்கள்?

நாற்காலியில் சாய்ந்திருந்த சாமுண்டீஸ்வரியின் இன்னொரு புருவம், நூல் படாமலே மேலே ஏறியது. இந்த அம்மாளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஒரு கடையில் புடவை எடுத்தால் பின்னாலேயே நாற்பது பேர் எடுப்பார்கள். மகள் தாரணிக்கு இன்னும் பதினைந்து நாளில் கல்யாணம். மணப்பெண்ணோடு சேர்த்துப் பதினோரு பேருக்கு சுசீலாதான் அலங்காரம் என்று பேச்சு.

எதிர்வரிசையில் இரண்டு மாதத்துக்கு முன் திவ்யதர்ஷினி என்ற சின்னப் பெண் குளுகுளுவென்று ஒரு பார்லர் திறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி வேறு கொடுக்கிறாள். அன்றிலிருந்து சுசீலாவின் நாற்காலிகள் ஈ ஓட்டுகின்றன. இந்தக் கல்யாணமும் போனால் கடையைச் சாத்திவிட்டு தெம்பனிஸில் இருக்கும் வீட்டில், டிவி ரிமோட்டை யாருக்கும் தராத கணவருக்குப் பக்கத்தில், உட்கார வேண்டியதுதான்.

"மாடியில என்ன வச்சிருக்க, சுசீலா?"

நூலை எடுத்துவிட்டு, "டவல்தான், அக்கா," என்றாள்.

"இப்ப டவல்," என்றார் சாமுண்டீஸ்வரி.

எட்டிப் பார்த்தபோது மஞ்சள் குடை தெருமுனையைத் தாண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சுசீலா ஒரு பொய் சொன்னாள். அந்த பாய் பாதிக் கதையைத்தான் சொன்னாராம். நடுவில் இது பிரசவ விடுதியாம். நூறு குழந்தை பிறந்த வீடாம்.

"அப்படியா? போர்டு ஒண்ணையும் காணோமே?"

சாயங்காலத்துக்குள் போர்டு வந்துவிட்டது: 'நூறு மழலைகள் பிறந்த மங்கலமான இடம்.'

திங்கட்கிழமை ஒரு பெண் வந்தாள். போர்டைப் படித்தாள், நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், மஞ்சள் துணியில் ஒரு சின்னத் தொட்டில் செய்து இரும்புக் கிராதியில் கட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாம். அதை அவிழ்க்க சுசீலாவுக்கு மனசு வரவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

புதன்கிழமைக்குள் பதினான்கு தொட்டில்கள். குவீன்ஸ்டவுனிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். வாசலில் செருப்பு வரிசை, அதற்கு நடுவே கற்பூரம். ஃபேஷியலுக்கு வந்த ஒருத்தி அந்த வரிசையைப் பார்த்து, உள்ளே இவ்வளவு கூட்டமா என்று மலைத்து, எதிர்க்கடைக்குப் போனாள். பக்கத்தில் போன் கவர் விற்கும் வெங்கட் தலையை நீட்டி, "அக்கா, இன்னிக்குப் பொங்கல் எத்தனை மணிக்கு லா?" என்றான்.

தொட்டில்களை அவிழ்க்கலாம் என்று கையை வைத்ததும் நாலு பெண்கள் சேர்ந்து பார்த்த பார்வையில் கை தானாகக் கீழே இறங்கியது. சரி, கூட்டத்தையாவது வாசலை விட்டு நகர்த்தலாம் என்று வியாழக்கிழமை ஓர் அம்மன் படம் வாங்கிவந்து ஓரத் தூணில் மாட்டி, 'தொட்டில் கட்டும் இடம்' என்று அம்புக்குறி போட்டாள்.

அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது. படத்துக்கு எலுமிச்சை மாலை விழுந்தது. யாரோ கோலம் போட்டார்கள். ஒரு பெரியவர் கதவைத் திறந்து பிரசாதம் கேட்டார். தலைச்சாயக் கையுறையோடு நின்ற சுசீலா, முகத்துக்குப் பூசும் சந்தனப் பொடியில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாமுண்டீஸ்வரி வந்தார். தூணுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. சுசீலாவுக்கு அந்த வாரத்தில் முதல்முறையாக மூச்சு வந்தது.

"இவ்வளவு சக்தி உள்ள இடம்னு தெரியாமப் போச்சே, சுசீலா."

"ஆமா அக்கா. தாரணிக்கு மேக்கப் ட்ரையல் எப்ப வச்சுக்கலாம்?"

"இங்கயா? அம்மன் இருக்கிற இடத்துல முடி விழலாமா?"

"புருவ முடிதானே அக்கா..."

"புருவ முடியும் முடிதான். பதினோரு பேரோட பாவம் எனக்கு வேணாம்டியம்மா. எதிர்ல திவ்யாகிட்ட சொல்லிட்டேன். அங்க சாமியும் இல்ல, சவமும் இல்ல. பளிச்சுன்னு இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு ட்ரையல்."

சனிக்கிழமை சுசீலா நூலைத் தொடவே இல்லை. ஒன்பதரை மணியிலிருந்து வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். மஞ்சள் குடை வந்து, மடங்கி, ஒலிபெருக்கி கரகரத்ததும் பாய்ந்துவிட்டாள். ஒரு வாரமாகப் பல்லுக்கு இடையில் கடித்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். பாய்க்கு அவள் என்ன கெடுதல் செய்தாள்? பிழைக்கிற பிழைப்பில் சவப்பெட்டியைக் கொண்டுவந்து போடச் சொல்லி யார் கேட்டது? ஒரு வாய்ச்சொல்லால் ஒரு கல்யாணமே கைவிட்டுப் போய்விட்டதே?

அஹமது கபீர் தொட்டில்களைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் சாமுண்டீஸ்வரி, "வலது காலை எடுத்து வச்சுப் போ," என்று மகளைத் திவ்யதர்ஷினியின் கடைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கபீர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"உங்க கடையைப் பத்தி நான் ஒரு வார்த்தையும் பேசலையேம்மா. சவப்பெட்டிப் பட்டறை அதோ, அந்தப் பொண்ணு வலது காலை வைக்குதே, அது. இந்தப் பக்கம் நிழலா இருக்கு, அதான் இங்க நிக்கிறோம்."